சிங்கப்பூர் சைட்டில் வேலை செய்பவருக்கு: பாதுகாப்புச் சட்டத்தில் யாருக்கு என்ன பொறுப்பு, எதைக் கேட்கலாம், அடிபட்டால் என்ன செய்வது

புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கட்டுமான வேலைக்கு சிங்கப்பூர் வரும் தம்பிகளிடம் சேஃப்டி சட்டம் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். ஹெல்மெட் போடணும், பூட்ஸ் போடணும், பெல்ட் மாட்டணும், இல்லாவிட்டால் ஃபைன். சட்டம் முழுக்கத் தொழிலாளியைக் கட்டுப்படுத்தத்தான் இருக்கிறது என்று பலரும் நம்புகிறார்கள். வருடக்கணக்காக சைட்டில் இருப்பவர்களுக்கும் இதே எண்ணம்தான்.

சட்டத்தைப் பிரித்துப் பார்த்தால் வேறு படம் தெரியும். அது முதலில் பேசுவது இடத்தை வைத்திருப்பவரிடமும் வேலைக்கு ஆள் எடுத்தவரிடமும்தான். தொழிலாளியின் கடமை அதற்கு அப்புறம்தான் வருகிறது, அளவிலும் சிறியது. எது யாருடைய கடமை என்று தெரிந்தவன் சரியான ஆளிடம் சரியான கேள்வியைக் கேட்பான். அடிபட்ட பிறகு சரியான காகிதத்தையும் கையில் வைத்திருப்பான். இந்த வழிகாட்டி அதற்காகத்தான். கட்டுமானத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன். கப்பல் பட்டறை, தொழிற்சாலை, கிளீனிங் வேலை செய்பவர்களுக்கும் அடிப்படை இதேதான்.

சட்டம் வந்த கதை

2004-இல் ஆறே வாரத்துக்குள் மூன்று பெரிய விபத்துகள் நடந்தன. ஏப்ரல் 20-இல் நிக்கல் ஹைவே பக்கம் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) பாதைக்குத் தோண்டிய பள்ளம் சரிந்து 4 பேர் இறந்தார்கள். அதே மாதம் 29-இல் ஃபியூஷனோபொலிஸ் கட்டுமானத் தளத்தில் 2 பேர். மே 29-இல் பட்டறையில் நின்ற ஒரு கப்பலில் தீப்பிடித்து 7 பேர். அதுவரை இருந்த தொழிற்சாலைச் சட்டம், இந்த உயரத்தில் இந்தத் தடுப்பு, இந்த இயந்திரத்துக்கு இந்த மூடி என்று பட்டியல் போட்டுச் சொல்லும் சட்டம். பட்டியலில் இல்லாத ஆபத்துக்கு யாரும் பொறுப்பேற்கவில்லை.

அதற்குப் பதிலாக வந்ததுதான் வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம். 2006 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது, 2011 செப்டம்பர் முதல் எல்லா வேலையிடங்களுக்கும் பொருந்துகிறது. ஆபத்தை உண்டாக்குபவரும் அதைக் கட்டுப்படுத்தும் நிலையில் இருப்பவரும்தான் அதைக் குறைக்க வேண்டும், விபத்து நடக்கும்வரை காத்திருக்கக் கூடாது என்பது அதன் அடிப்படை. 2004-இல் ஒரு லட்சம் ஊழியருக்கு 4.9 பேர் வேலையிடத்தில் இறந்தார்கள். 2023-இல் அது 0.99-க்கு இறங்கியது. அடுத்த வருடமே 1.2-க்கு ஏறியது, 43 பேர் வீடு திரும்பவில்லை. அந்த ஏற்றத்தை லேசாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

முதல் படி: உங்களுக்கு மேலே யார் யார் என்று கண்டுபிடியுங்கள்

புது சைட்டுக்குப் போன முதல் வாரத்தில் மூன்று பெயர்களைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, இடத்தை வைத்திருப்பவர். கட்டுமானத்தில் இது பெரும்பாலும் மெயின் கான், அதாவது முழுத் திட்டத்தையும் எடுத்துச் செய்யும் முதன்மை ஒப்பந்தக்காரர். சைட்டுக்குள் வரும் வழி, வெளியேறும் வழி, தரைத் திறப்புகள், சாரம், விளக்கு வெளிச்சம் எல்லாம் யாருக்கும் தீங்கு இல்லாமல் இருக்கும்படி பார்க்க வேண்டியது அவர். நீங்கள் அவருடைய ஆள் இல்லை என்பது ஒரு பொருட்டே இல்லை. சைட்டுக்குள் நடக்கும் எவருக்கும் அவர் பொறுப்பு.

இரண்டாவது, உங்கள் முதலாளி, அதாவது ஒர்க் பெர்மிட்டில் பெயர் இருக்கும் கம்பெனி. பாதுகாப்பான வேலை முறை, பழுதில்லாத கருவி, பயிற்சி, மேற்பார்வை, அவசரத்தில் என்ன செய்வது என்ற ஏற்பாடு, எல்லாம் அவர் கடமை.

மூன்றாவது ஆளைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். உங்களை ஒரு கம்பெனி எடுத்திருக்கும், வேலைக்கு வேறொரு கம்பெனிக்கு அனுப்பியிருக்கும். அங்கே ‘இதை இப்படிச் செய், அதை அப்படித் தூக்கு’ என்று சொல்வது அந்தக் கம்பெனியின் சூப்பர்வைசர். இப்படி வேலையைச் செய்யும் விதத்தையே சொல்லிக் கொடுத்து நடத்துபவருக்கும் சட்டம் முதலாளிக்குச் சமமான கடமையைச் சுமத்துகிறது. ‘நீ எங்க ஆள் இல்ல, உன் கம்பெனியில கேள்’ என்று அவர் கைகழுவ முடியாது. சப்ளையில் போகும் ஆட்களுக்கு இது தெரிந்திருப்பது மிகவும் அவசியம். இரண்டு கம்பெனியும் ஒன்றையொன்று கை காட்டும் இடத்தில்தான் அவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள்.

இயந்திரம் செய்தவர், விற்றவர், நிறுவியவர், சொந்தமாகத் தொழில் செய்பவர் என்று இன்னும் சிலருக்கும் கடமை உண்டு. அவற்றை விரிவாகத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இந்தக் கடமைகள் எல்லாம் ‘நியாயமாக நடைமுறையில் முடிந்த அளவுக்கு’ என்ற அளவுகோலோடு வருகின்றன. ஆபத்து எவ்வளவு பெரியது, அதைத் தடுக்க என்ன வழி இருந்தது, செலவு எவ்வளவு என்று எடைபோட்டுப் பார்ப்பார்கள். ஒரு தடுப்புக் கம்பி போட்டிருந்தால் ஓர் உயிர் பிழைத்திருக்கும் என்றால் ‘பட்ஜெட் இல்லை’ என்ற பதில் எடுபடாது. முடிந்ததையெல்லாம் செய்தேன் என்று நிரூபிக்கும் பாரமும் குற்றம் சாட்டப்பட்டவர் மேல்தான் இருக்கிறது.

கடமை தவறிய கம்பெனிக்கு முதல் முறை 5 லட்சம் வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். ஓர் உயிரிழப்புக்குத் தண்டனை பெற்ற கம்பெனியால் மறுபடியும் ஓர் உயிர் போனால் 10 லட்சம் வரை. தனி ஆளுக்கு 2 லட்சம் வெள்ளி வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி செய்த குற்றத்துக்கு டைரக்டரும் பதில் சொல்ல வேண்டும். தன் சம்மதம் இல்லாமல் நடந்தது, தான் எடுக்க வேண்டிய அக்கறையை எடுத்தேன் என்று அவர்தான் காட்ட வேண்டும்.

இரண்டாம் படி: ரிஸ்க் அசெஸ்மென்ட்டைப் பார்க்கக் கேளுங்கள்

2006 செப்டம்பரில் வந்த விதிகளின்படி, எந்த வேலையையும் தொடங்கும் முன் அதில் என்ன ஆபத்து, யாருக்கு, எப்படிக் குறைப்பது என்று எழுதி வைக்க வேண்டும். அதுதான் ரிஸ்க் அசெஸ்மென்ட். மூன்று வருடத்துக்கு ஒரு முறையாவது அதைத் திரும்பப் பார்க்க வேண்டும். விபத்து நடந்தாலோ வேலை முறை மாறினாலோ உடனே பார்க்க வேண்டும். முக்கியமாக, அந்த வேலையைச் செய்யப்போகும் ஆளுக்கு அதில் உள்ள ஆபத்தையும் எடுத்திருக்கும் தடுப்பையும் சொல்ல வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது? வேலை தொடங்கும் முன் நடக்கும் காலை டூல்பாக்ஸ் மீட்டிங்கில் ஆங்கிலத்தில் எதையோ வேகமாகப் படிப்பார்கள், தாளைச் சுற்றுக்கு விடுவார்கள், எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள். அந்தக் கையெழுத்துக்கு ‘எனக்குச் சொன்னார்கள், புரிந்தது’ என்று பொருள். நாளைக்கு ஏதாவது நடந்தால் அந்தத் தாள்தான் மேசைக்கு வரும். அதனால் புரியவில்லை என்றால் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்: ‘அண்ணே, இன்னைக்கு எங்க வேலைல என்ன ரிஸ்க், என்ன கன்ட்ரோல்?’ தமிழ் தெரிந்த சூப்பர்வைசர் இல்லாத சைட் குறைவு. இந்த ஒரு கேள்விக்கு யாரும் கோபப்பட முடியாது.

தடுப்புகளுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் ஆபத்தையே இல்லாமல் செய்ய வேண்டும். முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்த முறைக்கு மாற வேண்டும். அப்புறம் தடுப்புக் கம்பி, இயந்திர மூடி மாதிரி ஏற்பாடுகள். அப்புறம் பெர்மிட் (இந்த வேலையைத் தொடங்கலாம் என்று எழுத்தில் தரும் அனுமதி, உங்கள் ஒர்க் பெர்மிட் வேறு), பயிற்சி, எச்சரிக்கைப் பலகை. கடைசியில்தான் ஹெல்மெட், பெல்ட், கையுறை. ஒரு ரிஸ்க் அசெஸ்மென்ட்டில் எல்லா வரியிலும் ‘பெல்ட் போடவும், கவனமாக இருக்கவும்’ என்று மட்டும் இருந்தால், அதை எழுதியவர் கடைசிப் படியிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

பாதுகாப்புச் சாதனத்துக்குச் சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது. சட்டப்படி முதலாளி தர வேண்டிய எதற்கும் தொழிலாளியிடம் காசு வாங்கக் கூடாது என்று 18-ஆம் பிரிவு சொல்கிறது. பூட்ஸுக்குக் காசு, ஹார்னஸுக்கு (விழாமல் தடுக்க உடம்பில் கட்டும் பட்டைக்கு) காசு என்று சம்பளச் சீட்டில் வந்தால் அந்தச் சீட்டைப் போட்டோ எடுத்து வையுங்கள்.

மூன்றாம் படி: பெர்மிட் இல்லாமல் தொடக் கூடாத வேலைகள்

உயரத்தில் வேலை. இதற்கென்று தனி விதிகளே உண்டு. 2 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்புள்ள திறந்த ஓரமோ திறப்போ இருந்தால் அதை மூட வேண்டும், அல்லது தடுப்புக் கம்பி போட வேண்டும். 3 மீட்டருக்கு மேல் விழ வாய்ப்பிருந்தால் பெர்மிட் வேண்டும். சூப்பர்வைசர் விண்ணப்பிப்பார், சேஃப்டி அசெசர் இடத்தை வந்து பார்ப்பார், அதிகாரம் பெற்ற மேனேஜர் அனுமதி தருவார். அதன் நகலை வேலை நடக்கும் இடத்திலேயே ஒட்டி வைக்க வேண்டும். ஆபீஸ் ஃபைலில் இருக்கிறது என்றால் போதாது. நீங்கள் நிற்கும் மாடியில் இல்லாவிட்டால் கேளுங்கள்.

தரைத் திறப்பில் நடக்கும் விபத்தைக் கொஞ்சம் பக்கத்தில் நின்று பார்க்கலாம். சர்வீஸ் பைப் போகத் தரையில் ஒரு திறப்பு விட்டிருப்பார்கள். அதன் மேல் ஒரு பிளைவுட் கிடக்கும், ஆணி அடித்திருக்காது, மேலே எதுவும் எழுதியிருக்காது. ஹவுஸ்கீப்பிங் (சைட்டைச் சுத்தம்) செய்ய வந்தவர் அதைக் குப்பையில் போட வேண்டிய பலகை என்று நினைத்து இரண்டு கையாலும் தூக்குவார். பலகை முகத்துக்கு முன்னால் நிற்கும், கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. ஓர் எட்டு முன்னால் வைப்பார், திறப்பு அங்கேதான் இருக்கிறது. அவர் கவனக்குறைவாக எதுவும் செய்யவில்லை, சொன்ன வேலையைத்தான் செய்தார். பலகையை அசையாமல் பொருத்தி, ‘திறப்பு, எடுக்காதே’ என்று அவருக்குப் புரியும் மொழியில் எழுதியிருக்க வேண்டியது இடத்தை வைத்திருப்பவரின் கடமை. தரையில் கிடக்கும் பலகையைத் தூக்கும் முன் ஓரமாக நின்று ஒரு பக்கத்தை மட்டும் லேசாக நகர்த்திப் பாருங்கள்.

ஹார்னஸ் போட்டிருப்பது வேறு, மாட்டியிருப்பது வேறு. கொக்கியை எங்கே மாட்டுகிறீர்கள்? சாரத்தின் குறுக்குக் கம்பியிலா, பிவிசி பைப்பிலா? ஆள் விழும் இழுப்பைத் தாங்கக்கூடிய இடத்தைக் காட்டிக் கொடுக்க வேண்டியது உங்கள் மேல் இருப்பவர். ‘எங்கயாவது மாட்டிக்கோ’ என்பது மேற்பார்வை ஆகாது.

அடைபட்ட இடம். தொட்டி, மேன்ஹோல், சாக்கடைக் குழி, கப்பலின் அடித்தளம். ஆக்சிஜன் அளவு 19.5 முதல் 23.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். தீப்பற்றும் வாயு, வெடிக்கத் தொடங்கும் அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இருக்க வேண்டும். விஷ வாயுவும் பார்க்க வேண்டும். இதையெல்லாம் மீட்டர் வைத்து அளந்து, பெர்மிட்டில் எழுதிய பிறகுதான் இறங்கலாம். வெளியே ஒருவர் கண்காணித்தபடி நிற்க வேண்டும், மீட்கும் ஏற்பாடு தயாராக இருக்க வேண்டும்.

2024 மே 23-இல் சுவா சூ காங் நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தில் தொட்டி சுத்தம் செய்யும் வேலையில் ஹைட்ரஜன் சல்ஃபைடு தாக்கி ஒருவர் இறந்தார், வேறு இருவர் மருத்துவமனைக்குப் போனார்கள். இந்த வாயு முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது, சரியாகிவிட்டது என்று நினைப்பது உயிரை எடுக்கும். இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்கிறேன். உள்ளே ஒருவர் மயங்கி விழுந்தால் நீங்கள் குதித்து இறங்காதீர்கள். ஒரே ரூமில் தங்கியிருக்கிற ஆள், ஊர்க்காரர், மனசு கேட்காதுதான். ஆனால் காப்பாற்றப் போனவரும் சேர்ந்து இறப்பது இந்த விபத்துகளில் திரும்பத் திரும்ப நடக்கிறது. கத்திக் கூப்பிடுங்கள், ஆம்புலன்ஸுக்கான 995-க்கு போன் அடியுங்கள், மூச்சுக் கருவி உள்ளவர் மட்டும் இறங்கட்டும்.

பாரந்தூக்கி வேலைக்கு லிஃப்டிங் பிளான், லிஃப்டிங் சூப்பர்வைசர், பயிற்சி பெற்ற ரிக்கர் (பாரத்தைக் கட்டி மாட்டுபவர்), சிக்னல்மேன் (ஓட்டுநருக்குச் சைகை காட்டுபவர்) வேண்டும். பயிற்சி இல்லாத உங்களிடம் ‘சும்மா இந்த லிஃப்டிங் பெல்ட்ட மாட்டி விடு’ என்று சொன்னால் மறுக்கலாம், மறுக்கவும் வேண்டும். 1.5 மீட்டருக்கு மேல் ஆழமான பள்ளம் தோண்டவும், கட்டடம் இடிக்கவும் பெர்மிட் தேவை.

நான்காம் படி: வெயிலும் ஒரு ஆபத்துதான்

வெயிலைத் தாங்குவது ஆம்பளைத்தனம் என்று நம்மில் பலர் வளர்ந்திருக்கிறோம். உடம்புச் சூடு ஏறி மயங்கி விழுந்தவரை ஒரு முறை பார்த்தால் அந்த எண்ணம் போய்விடும். 2023 அக்டோபரிலிருந்து மனிதவள அமைச்சு இதற்குத் தெளிவான ஏற்பாடு வைத்திருக்கிறது. வெப்பம், ஈரப்பதம், காற்று, வெயில் நான்கையும் சேர்த்து அளக்கும் டபிள்யூபிஜிடி அளவைக் கட்டுமானத் தளங்களில் ஒவ்வொரு மணி நேரமும் பார்க்க வேண்டும். 32 டிகிரி செல்சியஸைத் தொட்டால் கடின உடலுழைப்பு செய்பவருக்கு மணிக்குக் குறைந்தது 10 நிமிடம் நிழலில் ஓய்வு, 33-ஐத் தொட்டால் 15 நிமிடம். ஊரிலிருந்து புதிதாக வந்தவருக்கும் நீண்ட லீவு முடிந்து வந்தவருக்கும் குறைந்தது 7 நாளில் வேலை நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். இது சலுகை கிடையாது, பயந்து பயந்து கேட்க வேண்டியதும் இல்லை.

ஐந்தாம் படி: உங்கள் பங்கு

கொடுத்த பாதுகாப்புச் சாதனத்தைச் சரியாகப் பயன்படுத்துங்கள். முதலாளியோடு ஒத்துழையுங்கள். தடுப்பைக் கழற்றுவது, சென்சாரைக் கட்டி வைப்பது, இயந்திர மூடியை எடுத்துவிட்டு ஓட்டுவது எல்லாம் குற்றம். தக்க காரணம் இல்லாமல் அலட்சியமாக நடந்து தன் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து உண்டாக்கினால் 30,000 வெள்ளி வரை அபராதம், 2 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். சூப்பர்வைசராக உயர்ந்த நம் ஆட்கள் இதைக் கூர்ந்து படிக்க வேண்டும். கீழே இருப்பவனை பெர்மிட் இல்லாமல் ஏற்றிவிட்டால், ‘மேனேஜர் அவசரப்படுத்தினார்’ என்று சொல்லித் தப்புவது கடினம்.

ஆறாம் படி: சரியில்லை என்றால் யாரிடம், எப்படி

முதலில் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். அப்புறம் சேஃப்டி கோ-ஆர்டினேட்டர் அல்லது சேஃப்டி ஆபீசர். 1 கோடி வெள்ளியும் அதற்கு மேலும் மதிப்புள்ள கட்டுமானத் திட்டத்தில் சேஃப்டி ஆபீசர் இருந்தே ஆக வேண்டும். வாயால் சொன்னதோடு விடாமல் வாட்ஸாப்பில் ஒரு வரி போடுங்கள்: ‘அண்ணே, 7-வது மாடி லிஃப்ட் ஓபனிங்ல பேரிகேட் இல்ல’ என்று, போட்டோவோடு. தேதியும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். சண்டை போடும் தொனி வேண்டாம். பல சமயம் அந்தப் போட்டோவைப் பார்த்ததுமே ஆள் அனுப்பிச் சரிசெய்துவிடுவார்கள்.

அதற்கும் அசையவில்லை என்றால் மனிதவள அமைச்சின் ஸ்னாப்சேஃப் செயலி வழியாகவோ பாதுகாப்புத் தொலைபேசி வழியாகவோ தெரிவிக்கலாம். சொன்னவர் யார் என்பதை அமைச்சு கம்பெனிக்குச் சொல்லாது. ஆய்வாளருக்கு உதவியதற்காகவோ தகவல் தந்ததற்காகவோ ஒருவரை வேலையை விட்டு நீக்குவதும் நீக்குவேன் என்று மிரட்டுவதும் 18-ஆம் பிரிவின்படி குற்றம்.

இதோடு இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒர்க் பெர்மிட் முதலாளி கையில் இருக்கிறது, ஏஜென்ட்டுக்குக் கொடுத்த கடன் தலைமேல் இருக்கிறது. சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது என்பதால் பயம் போய்விடாது. வேறு காரணம் காட்டி ஒர்க் பெர்மிட்டை ரத்து செய்யும் ஆட்களும் இருக்கிறார்கள். அதனால்தான் போட்டோ, மெசேஜ், தேதி என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன். தனியாகப் பேசத் தயக்கமாக இருந்தால் வெளிநாட்டு ஊழியர் நிலையம், டிடபிள்யூசி2, ஹோம் ஆகிய, வெளிநாட்டுத் தொழிலாளருக்கு உதவும் அமைப்புகளிடம் முதலில் ஆலோசனை கேளுங்கள்.

ஏழாம் படி: அடிபட்ட அன்றைக்கு

பெரும்பாலான இழப்பீட்டுச் சிக்கல்கள் முதல் நாளிலேயே ஆரம்பிக்கின்றன. விரல் நசுங்கியிருக்கும். ‘கிளினிக் போனா எம்சி போடுவான், ரெண்டு நாள் ரூம்ல படு, சம்பளம் போட்டுடுறேன்’ என்பார் பாஸ். (எம்சி என்பது டாக்டர் தரும் மருத்துவ விடுப்புச் சீட்டு.) அல்லது டாக்டரிடம் ‘ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு’ என்பார். ஏன் அப்படிச் சொல்கிறார் என்றால், விதிமீறல்களுக்குக் கம்பெனி மேல் டீமெரிட் புள்ளிகள் விழும். 18 மாதத்தில் 25 புள்ளி சேர்ந்தால் புதிதாக வெளிநாட்டு ஆள் எடுக்க முடியாது. அவருக்கு அந்தக் கவலை. உங்களுக்கு உங்கள் விரல்.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லுங்கள்: எந்த சைட், என்ன வேலை, எத்தனை மணிக்கு, எது விழுந்தது. முதல் மருத்துவக் குறிப்பில் எழுதியதுதான் பிற்பாடு பேசும். ‘ரூமில் விழுந்தேன்’ என்று ஒரு முறை பதிவானால் அதை மாற்றப் பெரும்பாடு படவேண்டும். எம்சி, லைட் டியூட்டி (இலகுவான வேலை மட்டும்) சீட்டு, மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் உடனே போட்டோ எடுங்கள், அசலை உங்களிடம் வையுங்கள். அடிபட்ட இடத்தையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், மாலைக்குள் அங்கே எல்லாம் சுத்தமாகிவிடும். கூட இருந்தவர்களின் பெயரையும் போன் நம்பரையும் வாங்குங்கள்.

2020 செப்டம்பர் 1 முதல், ஒரு நாள் எம்சி ஆனாலும், லைட் டியூட்டி மட்டும் ஆனாலும், வேலையில் பட்ட காயத்தை முதலாளி அமைச்சிடம் தெரிவிக்க வேண்டும். தனக்குத் தெரிய வந்ததிலிருந்து 10 நாள் கெடு. உயிரிழப்பு என்றால் உடனடியாக. ஆகவே உங்கள் முதல் வேலை, முதலாளிக்கு எழுத்தில் தெரிவிப்பது. ‘10 ஆம் தேதி காலை 11 மணிக்கு சைட்டில் கம்பி விழுந்து வலது கையில் அடி’ என்று ஒரு மெசேஜ் போதும். அவர் தெரிவிக்காவிட்டால் நீங்களே அமைச்சிடம் சொல்லலாம்.

எட்டாம் படி: இழப்பீட்டுப் பணம்

வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டம் தனி. இதில் யார் தவறு என்று பார்ப்பதில்லை. உங்கள் கவனக்குறைவே காரணம் என்றாலும், வேலையால், வேலை நேரத்தில் பட்ட காயம் என்றால் உரிமை உண்டு. கம்பெனி வண்டியில் வேலைக்குப் போகும்போது நடந்த விபத்தும் சேரும். குடித்திருந்தது, தானே வம்பிழுத்த சண்டை, தானே செய்துகொண்ட காயம் ஆகியவை சேராது. உடலுழைப்பு செய்யும் ஊழியர் எவ்வளவு சம்பளம் வாங்கினாலும் அவருக்கு முதலாளி இன்சூரன்ஸ் எடுத்திருக்க வேண்டும். எந்த இன்சூரன்ஸ் கம்பெனி என்று இப்போதே கேட்டு வையுங்கள்.

மூன்று வகைப் பணம் வரும். முதலாவது மருத்துவச் செலவு. 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்கு 53,000 வெள்ளி வரை, அல்லது விபத்திலிருந்து ஒரு வருடம் வரை, எது முதலில் வருகிறதோ அதுவரை. ஒர்க் பெர்மிட் ஊழியருக்கு மருத்துவம், தங்குமிடம், சாப்பாடு பார்ப்பது அதற்கு அப்பாலும் முதலாளியின் பொறுப்புதான்.

இரண்டாவது எம்சி சம்பளம். முதல் 14 நாள் வரை, மருத்துவமனையில் படுத்திருந்தால் 60 நாள் வரை, முழுச் சராசரி மாதச் சம்பளத்தின் கணக்கில் வரும். அதற்கு மேல் ஒரு வருடம் வரை மூன்றில் இரண்டு பங்கு. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் போட்டுக் கொடுத்தால் அது தவறு. சராசரியில் ஓவர்டைமும் அலவன்ஸும் சேரும்.

மூன்றாவது, நிரந்தர ஊனத்துக்கான தொகை. இதை ஒரு கணக்கோடு பார்த்தால் ஓவர்டைம் எவ்வளவு முக்கியம் என்று தெரியும். 40 வயதுக்கு உட்பட்டவருக்குப் பெருக்கும் எண் 181. ஒருவருக்கு 30 வயது, ஊனம் 10 சதவீதம் என்று டாக்டர் சொல்கிறார். சராசரிச் சம்பளம் 800 வெள்ளி என்று கணக்குப் போட்டால் 181 × 800 × 10% = 14,480 வெள்ளி. ஓவர்டைமும் சேர்த்து அவர் உண்மையில் வாங்கியது 1,200 என்றால் 21,720. வித்தியாசம் 7,240 வெள்ளி. அதனால் சம்பளச் சீட்டு, டைம் கார்டு, பேங்க் ஸ்டேட்மென்ட் மூன்றையும் 12 மாதத்துக்குச் சேர்த்து வைக்க வேண்டும். சம்பளச் சீட்டு தருவது 2016 ஏப்ரல் முதல் சிங்கப்பூரில் கட்டாயம்.

கணக்கிட்ட அறிக்கை உங்கள் கைக்கு வரும். சதவீதமோ சம்பளமோ தவறு என்றால் அதில் போட்டிருக்கும் கெடுவுக்குள் ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும், கெடு தாண்டினால் அதுவே முடிவாகிவிடும். படிக்கத் தெரியாத தாளில் கையெழுத்து வேண்டாம். விபத்து நடந்து ஒரு வருடத்துக்குள் இந்த உரிமையைக் கோர வேண்டும்.

முதலாளியின் அலட்சியத்தை நிரூபிக்க முடியும், இழப்பும் பெரியது என்றால் வக்கீல் வைத்து சிவில் வழக்குப் போடும் வழியும் இருக்கிறது. அதற்கு 3 வருடம் கெடு, தொகைக்கு உச்சவரம்பு இல்லை, ஆனால் தவறு யாருடையது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும். இரண்டு வழியிலும் பணம் வாங்க முடியாது, ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்கலாம். சின்னக் காயத்துக்கு இழப்பீட்டுச் சட்டமே நல்லது என்பது என் கருத்து. கேஸ் நடக்கும்போது ஒர்க் பெர்மிட்டை ரத்து செய்தாலும் பதற வேண்டாம். அமைச்சு ஸ்பெஷல் பாஸ் தரும், சிகிச்சை முடியும்வரை தங்கலாம்.

ஊரில் இருக்கும் குடும்பத்துக்கு

எழுதக் கை வராத பகுதி, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஊழியர் இறந்தால் அவரைச் சார்ந்திருந்தவர்களுக்கு இழப்பீடு உண்டு. 40 வயதுக்கு உட்பட்டவருக்குச் சராசரிச் சம்பளத்தை 136-ஆல் பெருக்குவார்கள். 2025 நவம்பர் 1 முதல் நடந்த விபத்துகளுக்குக் குறைந்தது 91,000 வெள்ளி, அதிகபட்சம் 2,69,000. முதலாளியோ ஏஜென்ட்டோ உடலோடு சேர்த்து ஒரு தொகையைக் கையில் கொடுத்து வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்டால், வீட்டார் போடக் கூடாது.

உறவை நிரூபிக்கும் காகிதம் இல்லாமல்தான் பல குடும்பங்கள் தவிக்கின்றன. நம் ஊர்ப் பக்கம் கோயிலில் தாலி கட்டியதோடு சரி, பதிவு செய்வதில்லை. அடுத்த லீவில் வரும்போது சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமணத்தைப் பதிவு செய்யுங்கள். பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழில் உங்கள் பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே இருக்கிறதா, இனிஷியல் மாறியிருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் ஒர்க் பெர்மிட் அட்டையின் இரு பக்கப் போட்டோ, கம்பெனியின் முழுப் பெயர், இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயர், தங்குவிடுதி முகவரி, கூட வேலை செய்யும் ஒருவரின் நம்பர், இவ்வளவையும் மனைவியின் போனுக்கோ தம்பியின் போனுக்கோ இன்றைக்கே அனுப்பி வையுங்கள்.